பாலைவனத்துப் படகோட்டிக்குத் தெரிகிறது, ஆவடிக்காரனுக்குத் தெரியவில்லை

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ யாரையாவது நிறுத்தி, "இங்கே ஆறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "இங்க ஏது சார் ஆறு? ஏரிதான் இருக்கு" என்பார்கள். கொஞ்சம் யோசிப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூவத்தைக் கை காட்டுவார்கள். கொசஸ்தலை ஆறு என்று ஒன்று பூண்டியைத் தாண்டி எண்ணூர் வரைக்கும் போகிறது என்றால், "அது மழைக்காலத்துல மட்டும்தானே சார்" என்று முடித்துவிடுவார்கள்.

அந்த "மட்டும்தானே" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பூகோளப் புத்தகத்தில் ஆற்றுக்கு இரண்டு சொல் உண்டு. கடலில் போய் விழுந்தால் 'ஃப்ளவ்'. இன்னொரு ஆற்றில் போய் விழுந்தால் 'ரிவியேர்'. அந்தக் கணக்கில் யமுனை வெறும் ரிவியேர். நம் கூவமோ கங்கையோடு சம பந்தியில் உட்காரும் ஃப்ளவ்! சிரிக்க வேண்டாம், இலக்கணம் அப்படி. மூன்றாவதாக ஒரு சொல்லும் இருந்தது: 'உவெத்'. அரபு மொழியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிக்கொண்டது. அல்ஜீரியா போன்ற வறண்ட தேசங்களில், மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பெயர். அதைப் பற்றி வாத்தியார் ஒரு எச்சரிக்கையும் சொல்வார்: உவெத்தின் மணலில் கூடாரம் போட்டுத் தூங்கக் கூடாது, மழை உன் தலைமேல் பெய்யாது, எங்கோ மலையில் பெய்யும், தண்ணீர் ராத்திரி வரும்.

அறுபது வருடம் கழித்து அந்தப் பாடம் நினைவுக்கு வரக் காரணம், என் பேரன் காட்டிய ஒரு காணொளி. கயாக் என்னும் ஒற்றை ஆள் துடுப்புப் படகில், பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் தண்ணீரில் ஒருவன் குதித்துக் குதித்துப் போகிறான். பிரெஞ்சில் இந்தத் தண்ணீரை 'ஓ வீவ்' என்பார்கள். நேராகச் சொன்னால் உயிருள்ள நீர். எங்கே இது என்று கேட்டேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் என்றான். பாலைவனம்! கரையில் கள்ளிச்செடியும் செம்மண்ணும், நடுவில் வெள்ளை வெளேரென்று தண்ணீர். "பாலைவனத்தில் இவனுக்கு எப்படித் தெரிந்தது, இன்றைக்கு இந்த ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று?" என்றேன். அதற்குப் பதிலைத் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பதில் மிகவும் எளிது. அங்கே ஆற்றை அளக்கிறார்கள். அளந்ததை எல்லோருக்கும் சொல்கிறார்கள். அவ்வளவுதான்.

ஜான் வெஸ்லி பவல் என்று ஒருவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். 1869-ல் நான்கு மரப்படகுகளில் ஆட்களோடு புறப்பட்டு, கொலராடோ ஆற்றின் வழியாகக் கிராண்ட் கேன்யன் என்ற பிரம்மாண்டமான பள்ளத்தாக்கைக் கடந்து வந்தார். அடுத்த வளைவில் அருவி இருக்கிறதா, சுழல் இருக்கிறதா என்று எதுவும் தெரியாத பயணம். பின்னாளில் அவர் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் தலைவரானார். அவர் காலத்தில்தான், 1889-ல், நியூ மெக்சிகோவில் எம்புடோ என்ற ஊரில், ரியோ கிராண்ட் ஆற்றங்கரையில் அந்த ஆய்வகத்தின் முதல் நீரளவு நிலையம் அமைந்தது. வறண்ட பூமியில் பாசனம் செய்ய வேண்டுமானால் முதலில் ஆற்றில் எவ்வளவு வருகிறது என்று தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. தண்ணீர் கொழிக்கும் ஊரில் போய் அந்த முதல் அளவுகோலை நடவில்லை, பாலையில் நட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். எது அரிதாக வருகிறதோ அதைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

இன்றைக்கு அந்த நாட்டில் அப்படிப்பட்ட நிலையங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கால் மணிக்கு ஒருமுறை அளவு பதிவாகிறது. அந்த எண்ணை விஞ்ஞானியும் பார்க்கலாம், விவசாயியும் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை படகு விடப்போகும் பொடியனும் பார்க்கலாம். அவர்கள் பேசும் அலகும் நம் செய்தித்தாளில் வருகிற அதே அலகுதான்: விநாடிக்கு இத்தனை கனஅடி. இந்த ஆறு 500 கனஅடிக்குக் கீழே போனால் படகு பாறையில் உரசும், 3,000-க்கு மேலே போனால் கைதேர்ந்தவர் மட்டும் இறங்கலாம் என்று ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு கணக்கை அவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வருடத்தில் சில வாரம் மட்டும் ஓடும் ஆறுகள் உண்டு. பனி உருகும் சமயம், பெருமழைக்கு மறுநாள், அணையைத் திறக்கும் நாள், இவ்வளவுதான். "மட்டும்தானே" என்று யாரும் உதட்டைப் பிதுக்குவதில்லை. அந்தச் சில வாரத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? லடாக்கில் லே நகரத்தில் வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 10 செ.மீ. குளிர்ப் பாலைவனம். ஆனாலும் கோடையில் மலைப்பனி உருகி ஸன்ஸ்கார் ஆறு பொங்கி வரும். நிம்மு என்ற ஊரில் சிந்துவோடு கலக்கும். அந்த இரண்டு மாதத்துக்காக உலகெங்கிலுமிருந்து படகோட்டிகள் வருகிறார்கள். பக்கத்தில் கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரியில், தென்மேற்குப் பருவமழையின்போது சாலிப்புழையும் இருவழிஞ்ஞிப்புழையும் பொங்கும் நாட்களைப் பார்த்து 2013 முதல் கயாக் திருவிழாவே நடத்துகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பாலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். அங்கே டாட் என்ற மணல் ஆறு. 1962 முதல் அந்த வறண்ட ஆற்றில் படகுப் போட்டி நடத்துகிறார்கள். அடிப்பாகம் இல்லாத படகுக்குள் ஆட்கள் நின்றுகொண்டு, அதைத் தூக்கிப் பிடித்து மணலில் ஓடுவார்கள். 1993-ல் அந்தப் போட்டியை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. காரணம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது! வேடிக்கைதான். ஆனால் தண்ணீரே இல்லாத நாளிலும் அது ஆறு என்பதை மறக்காத ஊர் அது.

இனி நம் கதைக்கு வருவோம்.

நம்முடையது பாலைவனம் அல்ல. ஜெய்சால்மரில் ஆண்டு மழை சுமார் 20 செ.மீ. சென்னையில் சுமார் 140 செ.மீ. ஏழு மடங்கு. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆகவே பாலைவனத்து ஆற்றின் குணம் நம் ஆறுகளுக்கும் உண்டு. கொசஸ்தலையில் கேசவரம் அணைக்கட்டிலிருந்து பிரிகிறது கூவம். திருவள்ளூர் பக்கம் வளைந்து, பூந்தமல்லி - ஆவடி சாலையைக் கடந்து, திருவேற்காடு, மதுரவாயல், கோயம்பேடு என்று நடந்து நேப்பியர் பாலத்தருகே கடலைச் சேர்கிறது. பத்து மாதம் படுத்திருக்கும். ஒரு ராத்திரி எழுந்து உட்காரும். மதுரவாயல் - நொளம்பூர் தரைப்பாலம் முழுகும். போலீஸ்காரர் இரும்புத் தடுப்பை வைத்துவிட்டு நிற்பார். "எவ்வளவு சார் போகுது?" என்று கேட்டால், "நிறைய போகுது, அந்தப் பக்கம் போங்க" என்பார். பாவம், அவருக்கும் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு அடையாற்றில் திறந்துவிடப்பட்டது விநாடிக்குச் சுமார் 29,000 கனஅடி. இந்த எண்ணைச் செய்தியில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அது எவ்வளவு என்று யாராவது சொன்னார்களா? நான் சொல்கிறேன். ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 29,000 கனஅடி என்றால் விநாடிக்கு 8 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில், ஒவ்வொரு விநாடியும் 68 லாரி. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் முந்நூறு லாரி போயிருக்கும்.

இன்னோர் ஒப்பீடும் உண்டு. பவல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன கிராண்ட் கேன்யனுக்கு மேலே இப்போது கிளென் கேன்யன் அணை இருக்கிறது. அங்கிருந்து வழக்கமான நாட்களில் திறக்கும் தண்ணீருக்கு உச்சவரம்பு விநாடிக்கு 25,000 கனஅடி. உலகத்துப் படகோட்டிகள் எல்லாம் பயந்துகொண்டு இறங்குகிற ஆறு அது. அதைவிட அதிகத் தண்ணீரை நாம் ஒரு ராத்திரியில், கரையோரம் குடியிருந்த ஜனங்களின் வாசலுக்கு அனுப்பினோம். அங்கே அடுத்த மாதம் எந்த நேரத்தில் எவ்வளவு திறக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வெளியிடுகிறார்கள். இங்கே பலருக்குச் செய்தி சொன்னது கட்டிலின் கால் நனைந்த ஈரம்தான். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே அது குறிப்பிட்டது. நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

பொழுதுபோக்குக்காகப் படகு விடுபவனுக்குக் கிடைக்கும் தகவல், உயிர் பிழைக்க வேண்டியவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? இதுதான் என் கேள்வி.

அரசாங்கத்தில் குமாஸ்தாவாக முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால் இதற்குப் பதில் எனக்கு ஓரளவு தெரியும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மழைப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து, இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, உடனே மேலே அனுப்ப வேண்டும். ஒரு நாள் தவறினால் விளக்கம் கேட்டு ஓலை வரும். ஆனால் அந்த எண்ணை அலுவலக வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கலாமா என்று நான் கேட்டபோது, "அதற்கு உத்தரவு இல்லை" என்றார்கள். ஒழித்து வைக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கீழே சொல்வது யாருடைய வேலையும் இல்லை, அவ்வளவுதான். தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது. தகவலோ கீழிருந்து மேலே போய் அங்கேயே தங்கிவிடுகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் இருப்பும் வரத்தும் வெளியேற்றமும் இப்போது நாள்தோறும் வெளியாகின்றன. நல்ல காரியம். 2019 கோடையில் அந்த ஏரிகள் வறண்டபோது, கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் ஜனங்கள் அந்த எண்களைப் பார்த்தார்கள். பூண்டியின் முழு உயரம் 35 அடி, செம்பரம்பாக்கத்துக்கு 24 அடி என்று எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர்கூடச் சொல்வார். ஆனால் அது ஏரிக்குள் இருக்கும் தண்ணீரின் கணக்கு. ஏரியைத் தாண்டியபின், அந்தத் தண்ணீர் எந்தத் தரைப்பாலத்துக்கு எத்தனை மணிக்கு எத்தனை அடி உயரத்தில் வரும் என்பது கரையில் குடியிருப்பவனின் கணக்கு. அதைத்தான் கேட்கிறேன்.

எச்சரிக்கை விடுகிறோமே என்பார்கள். "கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இந்த வாக்கியத்தை நானே எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். எது கரை? எது பாதுகாப்பு? எத்தனை மணிக்குள்? ஒன்றும் இல்லை. இப்படி ஒரு குறிப்பைக் கோப்பில் எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். ஜனங்களுக்கு அனுப்பும்போது மட்டும் கேள்விக்குறி கிடையாது.

எண்களைச் சொன்னால் ஜனங்களுக்குப் புரியாது, பீதி அடைவார்கள் என்பது அடுத்த வாதம். தங்கம் கிராம் என்ன விலை, பெட்ரோல் லிட்டர் என்ன விலை என்று பைசா சுத்தமாகச் சொல்லும் ஜனங்களுக்குக் கனஅடி புரியாதா? காரைக்காலில் என் சிறு வயதில், மேட்டூர் திறந்த சேதி வந்தால், அரசலாற்றுக்கு எத்தனையாம் நாள் தண்ணீர் வந்து சேரும் என்று கையெழுத்துப் போடத் தெரியாத விவசாயிகள் நாள் கணக்குச் சொல்வார்கள். பீதி என்பது தெரியாததால் வருவது. தெரிந்தவன் டிரங்குப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போய்விடுவான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு ஆறு என்றால் வருடம் முழுக்கத் தளும்பி நிற்க வேண்டும், படகு மிதக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் கூவத்தில் படகுத்துறை கட்டிப் படகும் விட்டுப் பார்த்தோம். நிலைக்கவில்லை. பருத்திப்பட்டு ஏரியைத் தூர்வாரி 2019-ல் பசுமைப் பூங்காவாக்கிப் படகு விட்டிருக்கிறார்கள். நானும் அதன் கரையில் காலையில் நடக்கிறவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தேங்கிய நீரில் மிதிபடகு விட்டால் தண்ணீரைப் புரிந்துகொண்டோம் என்று ஆகாது. பாலைவனத்துப் படகோட்டி ஆற்றை வருடம் முழுக்க ஓடு என்று கேட்பதில்லை. அது எப்போது வரும் என்று அவன் தெரிந்துவைத்துக்கொள்கிறான். நாமோ வராத நாளில் அதன் படுகையில் மனை போடுகிறோம், வந்த நாளில் திட்டுகிறோம்.

இதைப் படித்துவிட்டு எந்த இளைஞனாவது மழையில் கயாக்கைத் தூக்கிக்கொண்டு கூவத்துக்கோ கொசஸ்தலைக்கோ போய்விடக் கூடாது. கூவத்தின் சாக்கடை ஒருபுறமிருக்கட்டும். நம் ஆறுகள் சமவெளியில் ஓடுபவை; பாறை கிடையாது, உயிருள்ள நீர் கிடையாது. இருப்பது தாமரைப்பாக்கம், வல்லூர் போன்ற அணைக்கட்டுகள். குறுக்கே நேராக ஒரு சுவர். அதன்மேல் வழிந்து விழும் தண்ணீர் அடியில் குடைந்து போய், மேலே வந்து, மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அந்தச் சுழற்சிக்குள் விழுந்த கட்டையும் வெளியே வராது, ஆளும் வரமாட்டான். நுரையில் காற்று கலந்திருப்பதால் நீச்சல் தெரிந்தவனையும் அது மிதக்க விடாது. பெரிய அருவியில் குதிக்கும் படகோட்டிகள்கூட இப்படிப்பட்ட குட்டைச் சுவரைக் கண்டால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்துவிடுவார்கள். நம் பிள்ளைகளோ மழை விட்டதும் அதன் கீழேதான் குளிக்க இறங்குகிறார்கள், செல்பி எடுக்கிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஆயிரம் தடவை சொல்கிறோம். ஆழம் எவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதி வைத்தோமா?

எனவே நான் கேட்பது பெரிய திட்டம் எதையும் அல்ல. கூவத்திலும் கொசஸ்தலையிலும் உள்ள ஒவ்வொரு தரைப்பாலத்திலும் அணைக்கட்டிலும், தூரத்திலிருந்தே தெரியும்படி அடிக்கணக்கில் ஓர் அளவுகோலை வண்ணமடித்து வையுங்கள். எந்தக் கோட்டைத் தொட்டால் வண்டி போகக் கூடாது, எதைத் தொட்டால் எந்தத் தெரு காலி செய்ய வேண்டும் என்று தமிழில் பக்கத்திலேயே எழுதுங்கள். மேலே மதகு திறந்தால், எத்தனை கனஅடி, எத்தனை மணிக்கு எந்த ஊருக்கு வரும் என்று வார்டு வார்டாக ஒலிபெருக்கியிலும் கைப்பேசியிலும் சொல்லுங்கள். அணைக்கட்டின் கீழே இறங்கினால் ஏன் சாவு என்று ஒரு படம் வரைந்து வையுங்கள். வெள்ளம் வடிந்தபின், தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் ஒரு கோடும் தேதியும் போடுங்கள். மனை வாங்க வருபவன் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.

இதற்கு ஆகும் செலவு சில வாளி பெயின்ட், கொஞ்சம் ஆள் கூலி. மனசு மட்டும் வேண்டும். ஒரு கை இல்லாத மனிதர் தலைமையில் 1889-ல் பாலைவனத்தில் செய்த வேலை இது. இரண்டு கையும், கையில் ஆளுக்கொரு கைப்பேசியும் வைத்திருக்கிற நம்மால் வரும் அக்டோபருக்குள் முடியாதா?